இரண்டு தரப்புக்கும் டைப் அடித்த அக்கா

அந்தப் புள்ளி கடுகளவுதான் இருக்கும். என் எம்.ஃபில். ஆய்வேட்டின் நாற்பத்தோராம் பக்கத்தில், இடது ஓரத்தில், பென்சிலால் வைத்தது. மேலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் தட்டச்சு நிலையம் வைத்திருந்த டைப்பிஸ்ட் அக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கையெழுத்துப் பிரதியில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே அடிப்பார்; ஓர் எழுத்தைக்கூடத் தானாக மாற்றமாட்டார். சந்தேகம் வந்த இடத்தில் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு மேலே போய்விடுவார். தாளை வாங்க வருகிறவர்கள் புள்ளி இருக்கும் இடமாகப் பார்த்துத் திருத்திக்கொள்வார்கள், அல்லது ரப்பரால் புள்ளியை அழித்துவிட்டுப் போவார்கள். ஏன் அழித்தாய் என்று அவர் யாரையும் கேட்டதில்லை. பொதுவாக அந்தப் புள்ளி எழுத்துப் பிழைக்கானது. நாற்பத்தோராம் பக்கத்தை நான் மூன்று முறை படித்தேன். பிழையே இல்லை. ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் வாங்கியவனுக்கு வரவேண்டிய எரிச்சல் எனக்கு முறைப்படி வந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ஆய்வேடு கொடுக்கும் பருவத்தில் அங்கே இருக்கிற டைப்பிஸ்ட்டுகளிடம் கல்யாண மண்டபம் போல முன்பதிவு செய்ய வேண்டும் என்பதால், சொந்த ஊரான மேலூருக்கே கையெழுத்துப் பிரதியைத் தூக்கி வந்திருந்தேன். என் ஆய்வேட்டின் பொருள், நானூறு வருஷத்துக்கு முன்னால் பிரெஞ்சு தேசத்தில் ஒரு கோபுரத்து அறையில் உட்கார்ந்துகொண்டு, தன்னைப் பற்றியே மூன்று புத்தகம் எழுதிய ஒரு கட்டுரைக்காரர். தன் மறதி, தன் சோம்பல், தன் சிறுநீரகக் கல் என்று எதையும் விடாமல் எழுதியவர். மனிதன் மற்ற உயிர்களைவிட உசத்தி என்று யார் தீர்ப்புச் சொன்னது, சொன்னவனும் மனிதன்தானே என்று கேட்டவர். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அவரைச் சுற்றுச்சூழலின் முன்னோடி ஆக்கிவிடுவது என்று நான் முடிவு செய்திருந்தேன். சுற்றுச்சூழல் என்ற சொல் அப்போதுதான் மதுரைக்கு வந்து இறங்கியிருந்தது. புதுச் சட்டை கிடைத்தால் யாருக்காவது போட்டுப் பார்க்கத் தோன்றும் இல்லையா. ஒரே ஒரு சிக்கல். அந்த மனிதர் எதையும் அடித்துச் சொல்லமாட்டார். ஒரு பக்கம் முழுக்க ஒன்றைச் சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்தில், இப்படியும் இருக்கலாம் இல்லையா என்று தன்னையே மறித்துக்கொள்வார். நான் அந்த அடுத்த பக்கங்களையெல்லாம் கத்தரித்துவிட்டேன். மிச்சம் இருந்தவர் மேடையில் கையை ஓங்கி முழங்குகிறவராக இருந்தார். என்னைப் போலவே இருந்தார் என்று சொன்னாலும் தப்பில்லை. அந்த நாட்களில் நான் பட்டிமன்றங்களில் பேசிக்கொண்டிருந்தேன்.

“இதுல என்னக்கா பிழை?” என்றேன்.

“பிழையில்ல தம்பி. இவரு இதச் சொல்லிட்டு, கீழயே அத மாத்திச் சொல்றாரே. அத ஏன் விட்டுட்டீங்க?”

அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று விசாரித்தேன். போன வருஷம் மதுரையில் மகளிர் கல்லூரி ஒன்றில் படித்த ஒரு பெண், இதே கட்டுரைக்காரரைப் பற்றி இதே மாடியில் டைப் அடித்து வாங்கிப் போயிருக்கிறாள். நான் வெட்டிய பகுதியை அவள் முழுசாக எடுத்துப் போட்டிருக்கிறாள். நான் வைத்துக்கொண்டதை அவள் வெட்டியிருக்கிறாள். இரண்டையும் சேர்த்து முழுப் பத்தியையும் படித்த ஒரே ஆள் இந்த ஊரில் அக்காதான். அவர் பி.யூ.சி.யோடு நிறுத்தி, தமிழ், ஆங்கிலத் தட்டச்சு இரண்டிலும் ஹையர் கிரேடு தேறியவர். என்னைவிட மூன்று நான்கு வயதுதான் கூட இருக்கும். விரலுக்காகத்தான் படிக்கிறேன், மண்டைக்கு ஏறாது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். நாங்களும் நம்பி, என்ன வேண்டுமானாலும் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

“பட்டிமன்றத்துல எதிரணிக்கு நாமளே பாயின்ட் எடுத்துக் குடுக்கலாமாக்கா?”

“எதிரணி எங்க இருக்கு? ரெண்டு அணியிலயும் அவரேல்ல பேசுறாரு. நடுவர் நாற்காலிகூட காலியாத்தான் கெடக்கு” என்று சொல்லிவிட்டு, உருளையில் அடுத்த தாளைச் சொருகினார். நான் ரப்பரைக் கேட்டு வாங்கிப் புள்ளியை அழித்தேன். பட்டமும் வாங்கினேன். அந்த ஆய்வேட்டை முழுசாகப் படித்தவர்கள் இதுவரை இரண்டே பேர். ஒருவர் அக்கா. இன்னொருவர் நானாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் உறுதியாகச் சொல்வதற்கில்லை.

அக்காவின் ஊர், மேலூரிலிருந்து டவுன் பஸ்ஸில் அரைமணி நேரம். ஊருக்கு மேற்கே ஒரு மொட்டை மலை. மழை பெய்தால் மலையின் கிழக்குச் சரிவில் விழும் தண்ணீர் ஒரு வரத்துக்கால் வழியாக ஓடிவந்து கண்மாயை நிரப்பும். அவருடைய அப்பா தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் வேலை பார்த்த குடும்பத்தில், முதன்முதலாகத் தன் பெயருக்குப் பட்டா வாங்கியவர். அது கடைமடை நிலம். கண்மாய் நிறைந்து, மேலே இருக்கிற எல்லா வயலும் குடித்து முடித்த பிறகு மிஞ்சுகிற தண்ணீர்தான் அதற்கு. கண்மாயில் ஒரு முழம் குறைந்தாலும் முதலில் காய்வது அந்த வயல்தான். அக்காவின் தம்பி, மலையின் மேற்குப் பக்கத்தில் நடந்த கல் குவாரியில் துளை போடுகிற வேலை பார்த்தான். வீட்டில் உலை கொதித்தது அந்த வேலையில்தான். குவாரிக்காரர்கள் கிழக்குச் சரிவையும் கேட்டு மனுப் போட்டபோது ஊர் திமிறியது. வருவாய்த் துறை அதிகாரியான ஆர்.டி.ஓ. நேரில் வந்து விசாரிப்பார் என்று தகவல் வந்தது. அக்காவின் வீட்டுக்கு மட்டும் இது இரண்டு பக்கமும் வெட்டுகிற விஷயம். சரிவு போனால் அப்பாவின் வயல் போகும். குவாரி கோபித்துக்கொண்டால் தம்பியின் வேலை போகும்.

அந்த ஊர்த் தலைவரான அம்பலகாரர் என் வீடு தேடி வந்தார். “மாப்ள, நீங்கதான் மேடையில மழை மாதிரி பொழிவீங்களே. ஆர்.டி.ஓ. படிச்சு அழுகணும், அப்பிடி ஒரு மனு எழுதிக் குடுங்க” என்றார். எழுதினேன். மலையன்னையின் மார்பைப் பிளக்கிறார்கள் என்று தொடங்கினேன். ஆயிரம் ஆண்டுகளாகக் கிராம மக்கள் வணங்கி வரும் மலை என்றேன். ஊரார் அனைவரும் ஒருமனதாக என்றேன். சரிவில் கை வைத்தால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வராது என்றேன். எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. என் எழுத்தைப் படித்து நான் அழுவது அப்போது வழக்கமாக இருந்தது. அக்கா அதை டைப் அடித்துக் கொடுத்தபோது முதல் பக்கத்து ஓரம் அம்மை வார்த்தது போலிருந்தது.

“அந்த மலைய யாரு கும்பிட்டா? ஆடு மேய்க்கத்தான் போவோம்” என்றார் அக்கா. “ஒருமனதாகன்னா, என் தம்பி மனச என்ன செய்யிறது? ஊருல பாதிப் பேரு குவாரிக்குத்தான வேலைக்குப் போறாங்க?”

“யக்கா, இதெல்லாம் ஒரு வேகத்துக்குச் சொல்றது.”

“சரி, வேகமாப் போங்க” என்று சொல்லி, கார்பன் தாளை உருவித் தனியே வைத்தார். நான் மறுபடியும் ரப்பரைக் கேட்டு வாங்கினேன்.

அதற்கு அடுத்த வாரம் நடந்ததுதான் ஊரைக் கொதிக்க வைத்தது. குவாரி மேனேஜர் தன் பதில் மனுவை டைப் அடிக்க அதே மாடிக்கு வந்தார். மேலூரில் ஆங்கிலத்தில் பிழையில்லாமல் அடிக்கிற இடம் அது ஒன்றுதான். அக்கா அடித்துக் கொடுத்தார். சும்மா இல்லை, மூன்று பிரதி, சுத்தமாக. செய்தி டவுன் பஸ்ஸைவிட வேகமாக ஊர் போய்ச் சேர்ந்தது. அம்பலகாரர் என்னையும் கூட்டிக்கொண்டு மாடியேறினார்.

“ஏம்மா, நீ எந்தப் பக்கம்? ஊருப் பக்கமா, கல்லுப் பக்கமா?”

“அய்யா, நீங்க குடுத்ததையும் அடிச்சேன், அவுக குடுத்ததையும் அடிச்சேன். ரெண்டுலயும் நான் ஒரு எழுத்து மாத்தல. அவுகளுக்கும் ஒரு எடத்துல புள்ளி வச்சேன். வரத்துக்காலுக்கு எந்தப் பாதிப்பும் வராதுன்னு எழுதியிருந்தாக. உங்களுக்கு எப்பிடித் தெரியும்னு கேட்டேன். அவுகளும் அழிச்சிட்டுத்தான் போனாக.”

“கூலிக்குத் தட்டுறவளுக்கு நியாயம் எதுக்கு?” என்று முனகிக்கொண்டே அம்பலகாரர் இறங்கிப் போனார். நானும் பின்னாலேயே இறங்கினேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

விசாரணை பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில், காலை பத்து மணிக்கு. ஆர்.டி.ஓ. நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் ஊர். இன்னொரு பக்கம் டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவந்து நிறுத்திய குவாரி ஆட்கள். தங்களுக்கும் ஆள் இருக்கிறது என்று காட்டுவதற்கு. அதில் முதல் வரிசையில் அக்காவின் தம்பி, தலையில் கட்டிய துண்டுகூட அவிழ்க்காமல். என் மனுவை நானே வாசித்தேன். நன்றாகவே வாசித்தேன், இரண்டு கிழவர்கள் தோள் துண்டால் கண்ணைத் துடைத்தார்கள். மேனேஜர் எழுந்து, கோபமே இல்லாமல், நான்கு கேள்விதான் கேட்டார். கும்பிடுகிற மலை என்றால் கோயில் எங்கே? ஒருமனதாக என்றால் இதோ நிற்கிறவர்கள் எந்த ஊர்? மேற்குப் பக்கம் இத்தனை வருஷமாகக் கல் எடுத்தும் போன வருஷம் கண்மாய் நிறைந்ததா இல்லையா? அப்படியிருக்க ஒரு சொட்டுக்கூட வராது என்று சொன்ன நிபுணர் யார்? குவாரி ஆட்கள் சிரித்தார்கள். எங்கள் ஆட்களிலும் சிலர் சிரித்தார்கள். சிரிக்க வைப்பதுதான் என் தொழில் என்றாலும், அன்றைய சிரிப்பு என் கணக்கில் சேராது. அக்கா வைத்த ஒவ்வொரு புள்ளியின் மேலும் அந்த மனிதர் சரியாகக் கால் வைத்து நடந்து போனார். ஆர்.டி.ஓ. பேனாவை மூடினார்.

அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா எழுந்தார். கையில் ஒரே ஒரு தாள். “பொம்பளப் புள்ளைக்கு இங்க என்ன?” என்று அம்பலகாரர் ஆரம்பித்ததை ஆர்.டி.ஓ. கையமர்த்தினார்.

அவர் பேசியதை நான் இத்தனை வருஷத்தில் பல மேடைகளில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட அது போல வந்ததில்லை. குரல் உயரவே இல்லை. முதலில் தன் பெயரையும் தன் தொழிலையும் சொன்னார். பிறகு குவாரியின் பக்கத்தைப் பேசினார். மேனேஜர் பேசியதைவிட நன்றாகப் பேசினார். என் தம்பி அங்கே துளை போடுகிறான், அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டுக்கு ஓடு போட்டோம் என்றார். இந்தப் பள்ளிக்கூடத்துக்கு அஸ்திவாரக் கல் அந்தக் குவாரி கொடுத்தது. நான் படித்ததும் இந்தக் கட்டடத்தில்தான் என்றார். எங்கள் ஆட்கள் விவசாய வேலை இல்லாத மாதங்களில் பிழைக்க வெளியூர் போவது நின்றது குவாரி வந்த பிறகுதான், அதனால் குவாரியே கூடாது என்று நான் சொன்னால் அது பொய் என்றார். குவாரி ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்பலகாரர் என்னைப் பார்த்த பார்வையில், உங்க அக்காவைக் கூட்டிக்கிட்டுப் போங்க என்று எழுதியிருந்தது.

பிறகு தாளைத் திருப்பினார். “கிழக்குச் சரிவுல கல் எடுத்தா வரத்துக்கால் அழியுமான்னு எனக்குத் தெரியாது சார். தண்ணி வேற தடம் பாத்துக் கண்மாய்க்கு வந்தாலும் வரும். வராமலும் போகும். எனக்கு அம்புட்டுப் படிப்பு இல்ல. மனு எழுதுன தம்பிக்கும் தெரியாது. மேனேஜர் சாருக்கும் தெரியாது. தெரிஞ்சவுக இங்க யாரும் இல்ல. ஆனா ஒண்ணு சார். இன்னிக்கு எடுக்காத கல்லு நாளைக்கும் அங்கதான் இருக்கும். கல்லு எங்கயும் ஓடிப் போகாது. தண்ணி அப்பிடி இல்ல. ஒருக்கா தடம் மாறிப் போச்சுன்னா யாரு போயிக் கூப்புட்டுக்கிட்டு வர்றது? தெரியாம ஒரு காரியம் செய்யணும்னா, தப்பாப் போனாத் திருத்திக்கிற மாதிரி காரியத்தச் செய்யலாம். திருத்த முடியாதத மட்டும், தெரிஞ்சதுக்கப்பறம் செய்ங்க. அம்புட்டுத்தான் சார்.”

நானூறு வருஷத்துக்கு முந்தைய அந்தக் கோபுரத்து மனிதரை, இரண்டு வருஷம் நூலகத்தில் குடியிருந்தும் நான் சந்திக்கவில்லை. வேப்பமரத்தடியில் அன்றுதான் பார்த்தேன். தனக்குத் தெரியாது என்று சொல்வது சமாளிப்பு என்றும், பலவீனம் என்றும், சுற்றுச்சூழல் போராட்டத்துக்கு உதவாத குணம் என்றும் நினைத்துத்தான் அவருடைய அடுத்த பக்கங்களை வெட்டினேன். அந்தத் தெரியாதுதான் அவரிடம் இருந்த ஒரே ஆயுதம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. எதிராளியின் நியாயத்தை முழுக்க எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டால், அதன்பிறகு அவரால் மறுக்க முடியாத ஒரே ஒரு இடத்தில் நின்றுகொள்ளலாம். மேனேஜர் எழுந்தார், உட்கார்ந்தார். எனக்குத் தெரியும் என்று சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை. அவரும் நல்ல மனிதர்தான்.

ஆர்.டி.ஓ. பேனாவைத் திறந்தார். குவாரி ஆட்கள் பக்கம் திரும்பி, முதல் வரிசையில் நின்றவனைப் பார்த்து, “ஏம்ப்பா, உடைஞ்ச கழிவுக் கல்லெல்லாம் எங்க தள்ளுவீங்க?” என்று கேட்டார். அது அக்காவின் தம்பி என்று அவருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். மேனேஜர் அவனையே பார்த்தார். அக்கா பார்க்கவில்லை. தாளை மடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். தூரத்தில் போகிறது சார், மேற்கே பள்ளத்தில் கொட்டுகிறோம் என்று அவன் சொல்லியிருக்கலாம். அதற்காகத்தான் டிராக்டரில் ஏற்றி வந்திருந்தார்கள். தன் பக்கத்து நியாயத்தை, ஒன்று விடாமல், எதிர்த்தரப்பில் நின்ற ஒருத்தி சபையில் சொன்னதைக் கேட்ட பிறகு அவனால் அதைச் சொல்ல முடியவில்லை என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

“மேக்க பள்ளம் நெறைஞ்சு போச்சு சார். கெழக்க எறங்குனா, சரிவுலதான் தள்ளணும். வேற எடம் இல்ல.”

“சரிவுலன்னா?”

“வரத்துக்கால்லதான் சார் போயி விழுகும்.”

கிழக்குச் சரிவைப் பொதுப்பணித் துறை ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்து, தண்ணீரின் தடத்தை அளந்து சொல்லும்வரை கொடுக்கக் கூடாது என்று எழுதினார் ஆர்.டி.ஓ. குவாரி மேற்கில் தொடரலாம். அளக்க யாரும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. நம் நாட்டில் ஒரு மலையைக் காப்பாற்ற அதைவிட நல்ல வழி இருப்பதாகவும் தெரியவில்லை. ஊர் வெடி போட்டது. அம்பலகாரர் எனக்கு மாலை போட்டார். நானும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். அந்தச் செவந்தி வாசம் இப்போதும் கூச்சமாக வருகிறது. மறுநாள் குவாரியில் அக்காவின் தம்பியை உள்ளே விடவில்லை. அவன் திருப்பூர் பக்கம் வேலைக்குப் போனான். போகும்போது அக்காவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அக்கா திங்கட்கிழமை வழக்கம்போல மாடியைத் திறந்தார். “எந்திருச்சு பேசுனா அவன் வேல போகும்னு தெரியுமாக்கா?” என்று ஒருநாள் கேட்டேன். “அது தெரியும்” என்றார். அவர் தெரியும் என்று சொல்லி நான் கேட்ட ஒரே தடவை அதுதான்.

இப்போது சுற்றுச்சூழல் விவாதங்களுக்கு என்னை அழைக்கிறார்கள். இரண்டு நிபுணர்களுக்கு நடுவே கொஞ்சம் சிரிக்க வைக்க ஓர் ஆள் வேண்டுமாம். இரண்டு பக்கமும் எல்லாம் தெரிந்தவர்கள். அணை வேண்டும் என்பவருக்கு ஆறு தெரியும். வேண்டாம் என்பவருக்கு அடுத்த நூற்றாண்டே தெரியும். என் முறை வரும்போது நான் வழக்கமான துணுக்குகளைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். ஒருமுறை, அக்கா சொன்னதை அப்படியே எடுத்து, எனக்குத் தெரியாது என்று ஆரம்பித்தேன். அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது.

அக்கா போய் நான்கு வருஷம் ஆகிறது. துக்கம் கேட்கப் போக முடியாமல் போய், சென்ற ஐப்பசியில்தான் அந்த ஊருக்குப் போனேன். மேற்குப் பக்கம் மலை இல்லை; பாதி தின்று வைத்த பணியாரம் போலக் கிழக்குப் பக்கம் மட்டும் நிற்கிறது. இரண்டு நாள் மழையில் வரத்துக்கால் செந்நிறமாக ஓடிக்கொண்டிருந்தது. கடைமடையில் அக்காவின் தம்பி, நரைத்த தலையில் துண்டோடு, வரப்பில் நின்றிருந்தார். திருப்பூரில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு, அப்பா இறந்த பிறகு திரும்பி வந்தவர். அக்காவோடு கடைசிவரை பேசினாரா என்று கேட்க வாய் வரவில்லை. சுற்றி வளைத்து, “அன்னிக்கு நடந்ததுல இன்னும் கோவம் இருக்கா?” என்றேன்.

அவர் மண்வெட்டியை வரப்பில் ஊன்றிக்கொண்டார்.

“கோவம் இருக்குண்ணே. தண்ணியும் இருக்கு. ரெண்டையும் வச்சுக்கிட்டுத்தான் வெள்ளாமை பாக்குறேன்” என்றார். பிறகு, “கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வேட்டி நனைஞ்சிரும்” என்று சொல்லிவிட்டு வரப்பை வெட்டினார். தண்ணீர் வயலுக்குள் இறங்கியது.